‘வெறும்’ என்ற அந்த ஒரு சொல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில், சிகாகோ புல்ஸ் அணி டெரிக் ரோஸின் சட்டையில் இருந்த முதலாம் இலக்கத்தை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று மேலே தூக்கிக் கட்டியது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. கூடைப்பந்தாட்டத்துக்கு நீங்கள் அரைப்பக்கம் ஒதுக்கியதே பெரிய காரியம் என்று சந்தோசமாகத்தான் வாசிக்கத் தொடங்கினேன். கடைசிப் பந்தியில் கட்டுரையாளர், காயத்தால் வெறும் சில வருடங்களே ஒழுங்காக ஆடிய ஒருவருக்கு இது அனுதாபத்தில் கொடுத்த மரியாதை என்று முடித்திருந்தார். கையில் இருந்த தேத்தண்ணி ஆறிப்போய்விட்டது. நாலு நாளாக அந்த ‘வெறும்’ என்ற சொல்லோடுதான் திரிகிறேன்.

ரோஸ் யார் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2011 இல், 22 வயதில், அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.யின் மிகப் பெறுமதியான வீரர் விருது. அதை அவ்வளவு இளவயதில் வேறு யாரும் வாங்கியதில்லை. அந்தப் பருவத்தில் சிகாகோ 62 ஆட்டங்களை வென்றது. அடுத்த வருடம் ஏப்ரல் 28, பிலடெல்பியாவுடன் பிளேஓஃப், அதாவது கிண்ணத்துக்கான இறுதிச் சுற்றுகளின், முதல் ஆட்டம். பன்னிரண்டு புள்ளி முன்னிலை, முடிய ஒன்றரை நிமிடம்கூட இல்லை. அப்போதும் அவரை வெளியே எடுக்கவில்லை. இடது முழங்காலின் சவ்வு அறுந்தது. அடுத்த பருவம் முழுக்க ஆடவில்லை. திரும்பி வந்த கொஞ்ச நாளில் மற்ற முழங்காலும் போனது. உங்கள் கட்டுரையாளர் இவ்வளவையும் ‘காயமுற்றார்’ என்ற ஒரு சொல்லில் தாண்டிவிட்டார். வென்று முடிந்த ஆட்டத்தில் ஏன் அவரை விட்டுவைத்தார்கள் என்று கேட்கவில்லை. நான் கேட்பேன், ஏனென்றால் எனக்கும் அதுதான் நடந்தது.

2013, வலயமட்ட வலைப்பந்தாட்ட இறுதிப்போட்டி. நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன், அணியில் கோல் போடும் இடமான கோல் அட்டாக். 2010 இல் மீளக் குடியேறி வந்தபோது எங்கள் பாடசாலையில் வளையம் மாட்டக் கம்பம்கூட இருக்கவில்லை. கிரவல் நிலத்தில் கூட்டிப் பெருக்கி, கயிறு பிடித்து, சுண்ணாம்பால் கோடு போட்டு நாங்களே உண்டாக்கிய திடல் அது. பதினொரு கோல் முன்னிலை. வாங்கில் ஒரு தங்கச்சி முதல் கால்பகுதியில் இருந்தே சப்பாத்து நாடாவை இறுக்குவதும் தளர்த்துவதுமாக இருந்தாள். சேர் அவளை இறக்கவில்லை. இன்னும் நாலு கோல் போட்டால் மாகாணத்துக்குப் போகும்போது பெயர் நிற்கும் என்றார்.

வலைப்பந்தாட்டத்தில் பந்தைப் பிடித்த பிறகு ஓட முடியாது. ஓடிவந்த வேகத்தை ஒற்றைக் காலில் இறக்கி, அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். சீமெந்துத் திடலிலேயே முழங்காலுக்கு அது பெரிய சோதனை. கிரவலில் கேட்கவே வேண்டாம். முருங்கைக்காயை ஒடித்தது போல ஒரு சத்தம். விழுந்த பிறகுதான் அது என் காலில் இருந்து வந்த சத்தம் என்று விளங்கியது. யாரோ ஐஸ்பழக்காரரிடம் ஓடிப்போய் ஐஸ் வாங்கி வந்தார்கள். சேர் வந்து குனிந்தார். காலைப் பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். என் இடுப்பில் கட்டியிருந்த நாடாவை அவிழ்த்து, கோல் அட்டாக்குக்கு ஜி.ஏ. என்று எழுதிய துணியைத் தலைக்கு மேலால் கழற்றி, அந்தத் தங்கச்சிக்குப் போட்டுவிட்டார். என்னைத் தூக்கிக்கொண்டு கோட்டைத் தாண்ட முதல் விசில் ஊதியாகிவிட்டது.

எங்களுக்கு ஓய்வு கொடுக்க ஒரு இலக்கம்கூட இல்லை, ஐயா. இரண்டு எழுத்துத்தான். அதுவும் கழுவிக் காயப்போட்டு அடுத்தவருக்கு.

மறுநாள் உங்கள் பத்திரிகையில் செய்தி வந்தது. வென்ற பாடசாலை என்று எங்களிடம் தோற்ற பாடசாலையின் பெயரைப் போட்டிருந்தீர்கள். படத்தில் பிரதம அதிதி பொன்னாடையோடு முழுதாக நின்றார், எங்கள் அணி தோளோடு வெட்டுப்பட்டிருந்தது. திருத்தம் போடச் சொல்லி அப்போதே ஒரு கடிதம் எழுதினேன். இன்னும் பரிசீலனையில் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அப்புறம் வைத்தியம். முதலில் முறிவு நெரிவு வைத்தியர், எண்ணெய், கட்டு. பிறகு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே: எலும்பு முறியவில்லை, போகலாம் என்றார்கள். சவ்வு எக்ஸ்ரேயில் தெரியாது என்று அந்த வயதில் எனக்கு எப்படித் தெரியும்? எம்.ஆர்.ஐ. எடுக்க அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. ஒப்பரேசனுக்கு அடகு வைக்க வீட்டில் வேறொன்றும் இல்லை. இன்றைக்கும் கோயிலில் சப்பாணி கட்டி இருக்க மாட்டேன். பஸ்ஸில் ஏறும்போது எந்தக் காலை முதலில் வைப்பது என்று யோசித்துத்தான் ஏறுவேன்.

இதையெல்லாம் வெளியில் சொல்லி அழவும் முடியாது. எங்கள் மாமிக்கு 2009 இல் முழங்காலுக்குக் கீழே போனது. ஒருநாள் நான் முனகிக்கொண்டு கிடந்தபோது, செயற்கைக் காலைக் கழற்றிப் பக்கத்தில் சாத்திவிட்டு அரிசி புடைத்துக்கொண்டிருந்தவா, தலை நிமிராமல் கேட்டா: “உனக்குக் கால் இருக்குத்தானே பிள்ளை?” கோபமாகக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நான் முனகவில்லை.

அந்த மாதங்களில்தான் தம்பியின் போனில் முழங்கால் சவ்வு பற்றித் தேடி ரோஸைக் கண்டுபிடித்தேன். அவர் வழியாக மற்றவர்களையும். போர்ட்லண்டின் பிரண்டன் ரோய்க்கு 2011 ஜனவரியில் இரண்டு முழங்காலிலும் சத்திரசிகிச்சை. அந்த ஏப்ரலில் டலஸுக்கு எதிராக அணி 23 புள்ளி பின்னால் கிடந்த ஆட்டத்தில், கடைசிக் கால்பகுதியில் மட்டும் 18 புள்ளி போட்டு வென்று கொடுத்தார். அந்த டிசம்பரில் ஓய்வை அறிவித்தார். இதை எந்த வருடக் கணக்கில் சேர்ப்பது? மொரிஸ் ஸ்டோக்ஸ் ஆடியது மூன்றே பருவம். 1958 இல் ஆட்டத்தில் விழுந்து தலை அடிபட்டு, சில நாளில் உடம்பு இயங்காமல் போனது. கூட ஆடிய ஜாக் ட்வைமன் சட்டப்படி பாதுகாவலராக நின்று பார்த்தார். ஸ்டோக்ஸின் 12 ஆம் இலக்கம் இன்றைக்கும் அவர் ஆடிய அணியில் யாருக்கும் இல்லை. பில் வோல்டன் போர்ட்லண்டுக்கு ஆடியது நாலு பருவம், அதிலும் பாதி நாள் காலில் கட்டு. ஆனால் 1977 இல் கிண்ணம் வந்தது, 32 மேலே போனது. இதற்கெல்லாம் மறுபக்கத்தில், மயாமி அணி தங்களுக்கு ஒருநாள்கூட ஆடாத மைக்கல் ஜோர்டானின் 23 ஐ 2003 இல் தூக்கிக் கட்டியது. அதைப் பற்றி உங்கள் கட்டுரையாளர் ஒரு மூச்சும் விடவில்லை.

ரோஸ் சிகாகோவுக்குக் கிண்ணம் வாங்கிக் கொடுக்கவில்லை என்கிறார். சரி, வாங்கவில்லை. காயம்பட்ட எல்லோருக்கும் தூக்குங்கள் என்று நானும் சொல்ல வரவில்லை. ஆனால் சேவைக்காலத்தை எண்ணி மரியாதை கொடுப்பது அரசாங்கக் கச்சேரியில் ஓய்வூதியப் பிரிவின் வேலை. கட்டுரையாளர் அங்கே இருந்து வந்தவரோ தெரியாது. ரோஸ் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. எவ்வளவு காலம் ஆடினார் என்பது அந்த ஊருக்குத் தெரியாதா? தெரிந்துதானே கட்டினார்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. திருத்தங்கள் போடும் மூலையில், அந்தக் கட்டுரையின் கடைசிப் பந்தியில் உள்ள ‘வெறும்’ என்ற சொல்லை நீக்கி வாசிக்கவும் என்று ஒரு வரி. இடம் மிஞ்சினால், 2013 வலயமட்ட வலைப்பந்தாட்ட இறுதியில் வென்றது எந்தப் பாடசாலை என்றும் போடலாம். பெயரைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன், இந்த முறை எழுத்துக் கூட்டி.

இப்படிக்கு,
முன்னாள் கோல் அட்டாக் ஒருத்தி,
கிளிநொச்சி மாவட்டம்.

பி.கு.: தயவுசெய்து என் பெயரைப் போட வேண்டாம். சேர் உங்கள் பத்திரிகையைத் தவறாமல் வாசிப்பவர். சந்தியில் கண்டால் இன்றும் “கால் எப்படி பிள்ளை?” என்று கேட்பார். நானும் “சுகம் சேர்” என்று சொல்லிவிட்டு வருவேன்.