ஆள் நிற்காததற்குச் சம்பளம் மட்டுமா காரணம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மே மாதம் மலர்க் கண்காட்சி நேரத்தில் 'ஆட்கள் தேவை' அட்டை தொங்காத லாட்ஜ் ஊட்டியில் குறைவு. சம்பளம் பத்தாமல் பையன்கள் கோவைக்கும் திருப்பூருக்கும் ஓடுகிறார்கள் என்பார்கள் முதலாளிகள். பாதிதான் உண்மை.

சேரிங்கிராஸ் பக்கம் ஒரு ஹோட்டலில் ரூம் சுத்தம் செய்கிறேன். டவல் காணோம் என்று கெஸ்ட் சத்தம் போட்டால், பழைய மேனேஜர் அவர்கள் முன்னாலேயே எங்கள் பையைத் திறந்து காட்டச் சொல்வார். அந்த சீசனிலேயே மூன்று பேர் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள். இப்போது இருக்கும் மேனேஜர் அம்மா முதலில் லாண்டரிக் கணக்கைப் பார்ப்பார். டவல் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். டியூட்டி சார்ட்டை முன்கூட்டியே ஒட்டிவிடுவார். எப்பநாடு, தூனேரிக்குக் கடைசி பஸ் பிடிக்க வேண்டியவர்களுக்கு இரவு ஷிப்ட் போடமாட்டார். சம்பளம் அதேதான். பக்கத்து ஹோட்டலில் ஆயிரம் ரூபாய் கூட்டித் தருகிறோம் என்று கூப்பிட்டும் யாரும் போகவில்லை.

ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசு சட்டத்தையே திருத்தியது. எங்கள் ரிசப்ஷனுக்கு ஸ்டூல் வந்ததோ இந்த அம்மா வந்த பிறகுதான்! தொழிலாளர் துறையினர் சீசனுக்கு முன்பு விடுதிகளை ஒருமுறை பார்க்க வேண்டும். மேனேஜர் அறையில் டீ குடித்துவிட்டுக் கிளம்பாமல், எங்களிடமும் இரண்டு வார்த்தை கேட்கட்டும்.

– விடுதி ஊழியர், ஊட்டி