இடதுபக்க ட்வீட்டர்

அன்பு மகளுக்கு,

இடதுபக்க ஸ்பீக்கரில் ஜால்ரா ஒலி மங்கிவிட்டது, பாடுபவர் 'ச' என்று உச்சரிப்பதே தெளிவாகக் கேட்கவில்லை என்று நேற்று நீ சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைவாக இருக்கிறது. பெட்டிக்குள் உயர்ந்த ஒலிகளைத் தரும் சிறிய ஸ்பீக்கரான ட்வீட்டர் எரிந்திருக்கும் என்றே நானும் எண்ணுகிறேன். ஆனாலும் புதியதை வாங்குவதற்கு முன் சிலவற்றைச் சோதித்துவிடு.

முதலில் ஆம்ப்ளிஃபையரை அணைத்து, அதன் பின்புறத்தில் இடது, வலது ஸ்பீக்கர் வயர்களை இடம் மாற்றிச் செருகிக் கேள். குறை வலதுபக்க ஸ்பீக்கருக்குப் போய்விட்டால் கோளாறு ஆம்ப்ளிஃபையரிலோ அதற்கு முன்னாலோ இருக்கிறது. ஸ்பீக்கர் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். இடதுபக்கத்திலேயே நின்றால்தான் திறக்க வேண்டும்.

பெட்டியின் பின்புற முனைகளில் மல்டிமீட்டரை வைத்து அளப்பதில் பயனில்லை. ட்வீட்டருக்குப் போகும் வழியில் தொடராக நிற்கும் கபாசிட்டர் மீட்டரின் நேர்மின்னோட்டத்தைத் தடுத்துவிடுவதால், அங்கே நீ காண்பது, தாழ்ந்த ஒலிகளைத் தரும் பெரிய ஸ்பீக்கரான வூஃபரின் அளவாகவே இருக்கும். ஆகவே ட்வீட்டரைக் கழற்றி, ஒரு வயரையாவது விடுவித்து, அதன் முனைகளிலேயே அள. கழற்றும்போது அதன் காந்தம் திருப்புளியைச் சட்டென்று இழுத்து, முகப்பில் குமிழ் போல் இருக்கும் மெல்லிய டோமைக் கிழித்துவிடும். ஒரு கையை டோமுக்கு மேல் மறைப்பாக வைத்துக்கொள். 8 ஓம் ட்வீட்டர் பெரும்பாலும் 5 முதல் 7 ஓம் வரையும், 4 ஓம் ட்வீட்டர் 3 ஓமுக்குச் சற்று மேலும் காட்டும். மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருளான காயில் அறுந்துவிட்டது என்று பொருள்.

அளவு சரியாக இருந்தால் கபாசிட்டரைச் சந்தேகப்படு. பல ஆண்டுகளுக்கு முன் இதே மாதிரி ஒரு ஜோடியில் நான் அளந்து பாராமல் புது ட்வீட்டரை வாங்கிப் பொருத்தினேன். ஒலி அப்படியே மங்கலாக இருந்தது. ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரில் இருந்த பழைய எலக்ட்ரோலிட்டிக் கபாசிட்டர் வறண்டு போயிருந்ததை அதன் பிறகுதான் கண்டேன். அதே மைக்ரோஃபாரட் அளவும், குறையாத வோல்ட் அளவும் கொண்ட ஃபிலிம் கபாசிட்டரை மாற்றியதும் ஒலி திரும்பியது. சில ட்வீட்டர்களில் காயிலைச் சுற்றியுள்ள காந்தத் திரவம் கெட்டியாகிப்போனாலும் இப்படி மங்கும்.

காயில் அறுந்திருந்தால், புதியதைப் பொருத்துவதற்கு முன் அது ஏன் அறுந்தது என்று நீ யோசிக்க வேண்டும். சென்ற மாதம் வீட்டில் தோழிகள் கூடியபோது ஒலியை எவ்வளவு உயர்த்தினீர்கள்? சிறிய ஆம்ப்ளிஃபையர் பெரிய ஸ்பீக்கரை ஒன்றும் செய்யாது என்று பலர் நம்புவது தவறு. அதன் வரம்புக்கு மேல் திருப்பும்போது அலைகளின் உச்சி வெட்டுப்பட்டு, புதிதாக உண்டாகும் உயர் அதிர்வெண்களும் ட்வீட்டருக்கே போய்ச் சேர்ந்து, மயிரிழை போன்ற அதன் காயிலைச் சூடாக்குகின்றன. ஒலி கரகரத்தால் உடனே குறைத்துவிடு.

மாற்றுவதானால் அதே மாடலையே தேடு. கிடைக்காவிட்டால் ஓமும், அதே மின்சக்திக்கு எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்பதைச் சொல்லும் சென்சிட்டிவிட்டியும் ஒத்த இரண்டை வாங்கி, இரு பக்கமும் மாற்று. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால், பாடுபவர் இரு ஸ்பீக்கர்களுக்கும் நடுவில் நின்று பாடுவதுபோல் கேட்காது. சோதித்துப் பார்க்கக்கூட ட்வீட்டரைக் கபாசிட்டர் இல்லாமல் நேராக ஆம்ப்ளிஃபையரில் இணைக்காதே.

வலதுபக்க ட்வீட்டரையும் அளந்து, இரண்டு எண்களையும், கபாசிட்டரின் மேல் அச்சிட்டிருப்பதையும் எனக்கு எழுது. பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அதுவரை எதையும் வாங்க வேண்டாம்.

அன்புடன்,
அப்பா