ஜாரோவிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

தோத்திரம். நான் சுகம். ஏப்ரல் பிறந்தும் குளிர் விடவில்லை. கம்பளிச் சட்டை இல்லாமல் டியூட்டிக்குப் போக முடியாது. அம்மாவின் முட்டுவலி எப்படி? மாத்திரையை நிறுத்த விடாதீர்கள்.

விசுவாசம் வற்றிப்போன ஊருக்கு வந்துவிட்டாயே என்று வருத்தப்பட்டீர்கள். போனில் சொன்னால் அரைகுறையாகிவிடும் என்றுதான் எழுதுகிறேன். பீட் என்ற புனிதத் துறவி வாழ்ந்தது வடகிழக்கு இங்கிலாந்தின் இந்த ஜாரோவில்தான் அப்பா. ஏழு வயதில் மடத்தில் விடப்பட்டவர். 685-இல் அர்ச்சித்த மடத்துக் கோவிலின் ஒரு பகுதி இன்றும் நிற்கிறது. அந்த நாளைப் பொறித்த கல்லும் இருக்கிறது. பிறகு வந்த கொள்ளைநோயில் பாடத் தெரிந்த துறவிகள் எல்லாரும் மாண்டுபோக, மடாதிபதியும் ஒரு சிறுவனும் மட்டுமே நின்று செபங்களைப் பாடினார்களாம். அந்தச் சிறுவன் பீட்தான் என்று பலர் நம்புகிறார்கள். நானும் நம்புகிறேன்.

மடத்தை நிறுவியவர் ரோமாபுரியிலிருந்து கொண்டுவந்த புத்தகங்களே பீடுக்கு உலகம். செபம் போக மீதி நேரமெல்லாம் படிப்பும் பாடமும் எழுத்தும். அதுவே தன் ஆனந்தம் என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். 731-இல் ஆங்கிலேயத் திருச்சபையின் வரலாற்றை முடித்தார்.

உங்களுக்குப் பிடிக்கப்போவது வேறு. 725-இல் காலக் கணக்கைப் பற்றி எழுதிய நூலில், கடல் ஏறி வத்துவதை நிலாவோடு சேர்த்துக் கணக்கிட்டிருக்கிறார். நாளுக்கு நாள் முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பிந்துமாம். ஒரே கரையிலும் ஊருக்கு ஊர் நேரம் மாறுமாம். நீங்கள் வள்ளத்தில் நின்று அறிந்ததை இவர் மடத்திலிருந்தே கண்டும் கேட்டும் எழுதியிருக்கிறார்.

735-இல் சாகக் கிடந்தபோதும் யோவான் நற்செய்தியைச் சனங்கள் பேசும் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு பையன் எழுதினான். பெட்டியில் இருந்ததை மடத்துக் குருக்களுக்குப் பங்கிட்டார். என்ன தெரியுமா? மிளகு, துணிகள், சாம்பிராணி. மிளகு, அப்பா! நம் மேற்கு மலைப் பக்கம் விளைவது, எத்தனை கை மாறி இங்கே வந்ததோ! அதைப் படித்ததிலிருந்து இந்த ஊர் எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

கல்லறை டர்ஹம் பேராலயத்தில் இருக்கிறது. மே 25 அவர் திருநாள், லீவு கேட்டிருக்கிறேன். உங்கள் இருவருக்காகவும் வேண்டிக்கொள்வேன். நம் மணப்பாட்டுக் கடல் நாளுக்கு எவ்வளவு பிந்தி ஏறுகிறது? அடுத்த முறை பேசும்போது மறக்காமல் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்