சர்ச்சுக்குப் போவதை விடுவதா, சொல்வதை மனதாரச் சொல்வதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வாசகர் பக்கத்தில் பெருந்துறை இளைஞர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்ததிலிருந்து பதில் எழுத வேண்டும் என்றே இருந்தேன். சின்ன வயதிலிருந்து ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போனவர், இப்போது போவதை நிறுத்திவிட்டதாக எழுதியிருந்தார். ஜெபம், பாட்டு, பாவ அறிக்கை எல்லாம் ஒப்புவிப்பதாக ஆகிவிட்டது, மனசு இல்லாமல் போய் உட்காருவதைவிடப் போகாமல் இருப்பதுதான் நேர்மை என்பது அவர் கட்சி. நோய் என்ன என்பதை அவர் சரியாகத்தான் சொல்கிறார். மருந்து என்று அவர் சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நான் ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறவன். எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்குப் பல வருடமாகப் பொருளாளர். மாதச் சந்தாக் கவர், பிறந்தநாள் ஸ்தோத்திரக் காணிக்கை, ஈஸ்டருக்கு முந்தின லெந்து கால உபவாசக் காணிக்கை, அறுப்பின் பண்டிகை ஏலத் தொகை எல்லாம் என் கைவழியாகத்தான் போகின்றன. எங்கள் ஜனங்கள் கடமையில் குறை வைப்பதே இல்லை. ஊரில் இல்லாமல் போனால்கூட வந்ததும் விட்டுப்போன மாதத்துக்கும் சேர்த்துக் கவர் போட்டுவிடுவார்கள். பீடத்துக்கு முன்னால் படைத்த ஒரு கொத்து மஞ்சளை, மண்டி விலையைப் போலப் பல மடங்கு சொல்லி ஏலத்தில் எடுப்பார்கள். இதையெல்லாம் நான் குறைவாகப் பேசமாட்டேன். இந்தக் காணிக்கையில்தான் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுகிறோம்.

ஆனால் அப்பமும் திராட்சரசமும் கொடுக்கிற திருவிருந்து ஞாயிறுகளில் என் மனதை உறுத்துகிற ஒன்று உண்டு. தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27இல் பல மிஷன் சபைகள் ஒன்றுசேர்ந்து உருவானது. 1950இல் அது வகுத்த திருவிருந்து முறைமையில், கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் பழக்கத்தைப் பார்த்து, சமாதானத்தைக் கைக்குக் கை கொடுப்பதைச் சேர்த்தார்கள். பீடத்தில் ஆயர் தொடங்கிவைக்க, ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு அது சபை முழுக்கப் போகும். எவ்வளவு பெரிய காரியம் அது! எங்கள் சபையில் காம்பவுண்டுச் சுவர்த் தகராறில் பேச்சை நிறுத்திக்கொண்ட இரண்டு குடும்பங்கள் உண்டு. இரண்டு வீட்டாரும் தங்கள் பெஞ்சில் இருப்பவர்களுக்கு மட்டும் சமாதானம் கொடுத்துவிட்டு, பீடத்துக் கிராதி ஒன்றின் முன்னாலேயே முழங்காலிட்டு அப்பமும் திராட்சரசமும் வாங்குகிறார்கள். அவர்கள் மட்டும்தான் அப்படி என்று சொல்லமாட்டேன். கல்யாணப் பேச்சு என்று வந்தால் எங்கள் ஆட்களும் முதலில் விசாரிப்பது சாதியைத்தான். பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வந்த இடத்தில் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று இயேசு சொல்லியிருக்கிறார். கவர்களை எண்ணுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: அப்படிக் கவரை வைத்துவிட்டு எழுந்து போனவர் ஒருவரையும் நான் இதுவரை பார்த்ததில்லை.

இந்த இடத்தில்தான் எங்கள் சபை அம்மா ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மண்டியில் மஞ்சள் தரம் பிரிக்கிற வேலை அவருக்கு. விரலியையும் கிழங்கையும் பிரித்துப் போட்டுப் போட்டு விரலெல்லாம் மஞ்சள் ஏறிப்போயிருக்கும். அவருடைய ஒரே மகனைச் சரக்கு வேன் ஒன்று அடித்துவிட்டது. வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பையன் வழியிலேயே இறந்துபோனான். அடக்கம் முடிந்த அடுத்த ஞாயிறே அந்த அம்மா சர்ச்சுக்கு வந்தார். கர்த்தருடைய ஜெபம் சொல்லும்போது, 'எங்களுக்கு விரோதமாய்க் குற்றம் செய்கிறவர்களுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல' என்ற இடத்தில் வாயை மூடிக்கொண்டார். அது முடிந்ததும் மறுபடி எல்லாரோடும் சேர்ந்து சொன்னார். அடுத்த வாரமும் அப்படித்தான். மாதக்கணக்கில் அப்படியே நடந்தது. பக்கத்தில் இருந்த பெண்கள் துக்கத்தில் தொண்டை அடைக்கிறது என்று நினைத்தார்கள்.

ஒருநாள் மண்டியில் சாப்பாட்டு நேரத்தில் நானே கேட்டேன். 'அந்த வரி எனக்கு வாயில வரலீங்க தம்பி. வராததைச் சொன்னா ஆண்டவர்கிட்டப் பொய் சொன்ன மாதிரி ஆயிருமில்லீங்களா? அதைச் சொல்ற மனசைக் குடுங்கன்னு ராத்திரிக்கு ராத்திரி கேட்டுட்டுத்தான் இருக்கறேன்' என்றார்.

அதைக் கேட்டபோது எனக்குப் பேச்சே எழவில்லை. நாங்கள் அத்தனை பேரும் மூச்சு விடுகிற நேரத்தில் சொல்லித் தள்ளுகிற வரி அது. சபையிலேயே அந்த வரியை முழுசாக நம்பினவர் அதைச் சொல்லாமல் நின்ற அந்த அம்மாதான்.

அப்புறம் கேஸ் கோர்ட்டுக்கு வந்தது. வேன் ஓட்டினவரின் மனைவி கைக்குழந்தையோடு வராண்டாவில் உட்கார்ந்திருந்திருக்கிறார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று தெரிந்ததும் அந்த அம்மா தன் தூக்குப்போசியைத் திறந்து பாதிச் சோற்றை அவருக்குக் கொடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் ஒன்றில் அந்த வரியையும் சொன்னார். கேஸை வாபஸ் வாங்கவில்லை. 'கேஸ் கேஸா நடக்கட்டுமுங்க, அதைக் கோர்ட்டு பாத்துக்கும். வலி போகலீங்க, அது எங்க போகும்? ஆனா அந்தாளு குடும்பம் நல்லா இருக்கட்டும்னு இப்ப ஜெபம் பண்ண முடியுதுங்க' என்று மட்டும் சொன்னார்.

மனதிலிருந்து வருகிற விசுவாசம் என்று நான் சொல்வது இதைத்தான். இளைஞர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வாய் வராத நாட்களிலும் அந்த அம்மா ஆராதனைக்கு வருவதை நிறுத்தவில்லை. அந்த ஜெபத்தின் நடுவிலேயே நின்றுகொண்டுதான் அதற்கான மனதைக் கேட்டார்.

இருநூற்றைம்பது வருடத்துக்கு மேல் பழைய ஒரு கதையும் இதற்குப் பொருந்தும். எங்கள் கொங்கு நாட்டுச் சபைகள் பலவற்றுக்கும் வேர் இரண்டு மிஷன்கள்: 1830இல் கோயம்புத்தூரில் வேலை தொடங்கிய லண்டன் மிஷன், கரூர் தாராபுரம் பக்கம் வேலை செய்த வெஸ்லியன் மிஷன். அந்த வெஸ்லியன் என்ற பெயருக்குக் காரணமான ஜான் வெஸ்லி, பெருந்துறை இளைஞரின் நிலையை நன்றாக அறிந்தவர். குருவானவரின் மகன், தானும் அபிஷேகம் பெற்ற குருவானவர். ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தபோது புதனும் வெள்ளியும் உபவாசம், அடிக்கடி திருவிருந்து, சிறைக்கைதிகளைப் போய்ப் பார்ப்பது என்று கடமையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. 1735இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்கு மிஷனரியாகக் கப்பல் ஏறினார். வழியில் புயல். பெரிய பாய் கிழிந்து, தண்ணீர் கப்பலுக்குள் கொட்டியது. ஆங்கிலேயர்கள் அலறினார்கள். அதே கப்பலில் வந்த ஜெர்மானிய மொரேவியச் சபையார் பாடிக்கொண்டிருந்த சங்கீதத்தை நிறுத்தாமல் பாடினார்கள். பயமில்லையா என்று வெஸ்லி பிறகு கேட்டதற்கு, எங்கள் பெண்களும் பிள்ளைகளும்கூடச் சாகப் பயப்படுகிறவர்கள் அல்ல என்று பதில் வந்தது. சாவுக்குப் பயந்த வெஸ்லியை அது விடவே இல்லை. செவ்விந்தியரை மனந்திருப்பப் போனேன், என்னை மனந்திருப்ப யார் இருக்கிறார் என்று ஊர் திரும்பும்போது தன் நாட்குறிப்பில் எழுதினார்.

1738 மே 24 மாலை, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு சின்னக் கூட்டத்துக்கு மனமில்லாமல்தான் போனார். வேதத்தில் பவுல் எழுதிய ரோமர் நிருபத்துக்குச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் எழுதிய முன்னுரையை யாரோ வாசித்தார்கள். அங்கே தன் இருதயம் அனல்கொண்டதாகவும், இரட்சிப்புக்குக் கிறிஸ்து ஒருவரையே நம்புவதாக உணர்ந்ததாகவும் எழுதுகிறார். இதை எல்லாப் பிரசங்கியாரும் சொல்வார்கள். அடுத்த வரிகளை அதிகம் பேர் சொல்வதில்லை. அந்த இடத்திலேயே அவர் முதலில் செய்தது, தனக்குக் கொடுமை செய்தவர்களுக்காக முழுப் பலத்தோடு ஜெபித்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில், உனக்குச் சந்தோஷம் எங்கே, இது விசுவாசமே இல்லை என்று சந்தேகமும் வந்தது. ஆக, உணர்ச்சி பொங்குவது அடையாளம் அல்ல. இப்போது ஊர் ஊராக நடக்கிற பெரிய எழுப்புதல் கூட்டங்களில் அழுது புரண்டுவிட்டு வந்து, மறுநாள் காலை தறிக்காரப் பையனின் கூலியில் கை வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். கண்ணீரும் பழக்கமாகிவிடக்கூடியதுதான்.

இளைஞரின் வாதத்துக்கு நேரான பதில் 1740இல் இருக்கிறது. வெஸ்லியும் சேர்ந்திருந்த லண்டன் ஃபெட்டர் லேன் ஜெபச் சங்கத்தில் சிலர், முழு விசுவாசம் வரும்வரை திருவிருந்து, ஜெபம், வேதவாசிப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அமைதியாகக் காத்திருங்கள் என்று போதித்தார்கள். வெஸ்லி அதை ஏற்காமல் அந்தச் சங்கத்தைவிட்டே வெளியே வந்தார். வெறும் கடமையின் வறட்சியை அனுபவித்த மனிதரே, அந்தக் கடமைகளை விடாதே, அவற்றின் வழியாகத்தான் கடவுள் கிருபை தருகிறார் என்றார். 1755இல் அவர் தொடங்கிய உடன்படிக்கை ஆராதனையை எங்களில் பல சபைகள் புது வருடத்தின் முதல் ஞாயிறு நடத்துகின்றன. இனி நான் என்னுடையவன் அல்ல, என்னை வேலைக்கு வைத்தாலும் பாடுபட வைத்தாலும் சரி என்று சொல்கிற ஆராதனை அது. அதைப் புது வருட வேதவசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை வாங்குகிற அவசரத்தில் சொல்லித் தீர்த்துவிட்டால் குற்றம் ஆராதனையினுடையது அல்ல.

எங்கள் ஆயர்களுக்கும் மூப்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பாவ அறிக்கைக்கு முன்னால் கொஞ்ச நேரம் அமைதியாக இருக்க விடுங்கள். அறிவிப்பு வாசிக்கவும் பொன்னாடை போர்த்தவும் எவ்வளவோ நேரம் போகிறது, அதில் எடுத்துக்கொள்ளலாம். சமாதானம் கொடுக்கும் நேரத்தில் பெஞ்சைவிட்டு எழுந்துபோய்க் கொடுக்கலாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பிள்ளைகளைச் சபையின் முழு அங்கத்தினராக்குகிற திடப்படுத்தல் வகுப்பில் அவர்களுக்கு, நாம் நம்புவதை அறிக்கையிடுகிற விசுவாசப் பிரமாணத்தை மனப்பாடம் பண்ணவைத்த பிறகு, இதில் உனக்குச் சொல்ல கஷ்டமாக இருக்கும் வரி எது என்று ஒரு தடவை கேளுங்கள். கேட்டால் பிள்ளைகள் சொல்வார்கள். பெருந்துறை இளைஞரிடம் யாரும் அப்படிக் கேட்டிருக்கமாட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

தம்பி, நீங்கள் எந்தச் சபை என்று எனக்குத் தெரியாது. எந்தச் சபையானாலும் திரும்பப் போங்கள். எந்த வரி உங்களுக்குப் பொய்யாகப் படுகிறதோ அந்த வரியில் வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். ஏன் என்று கேட்கிறவர் ஒருவராவது இருப்பார். அவரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு என்ன ஆனது என்று இதே பக்கத்துக்கு இன்னொரு கடிதம் எழுதினால் நான் ஆவலாகப் படிப்பேன்.

இப்படிக்கு,
மஞ்சள் மண்டிக் கணக்கர்,
கருங்கல்பாளையம், ஈரோடு.