வாக்கர், ஃபுல்லர், டக்கர்: ஒரே தொழில், மூன்று குடும்பப் பெயர்கள்

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த சேதியில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே மழை பிடித்துக்கொண்டிருக்கிறது, மற்றபடி சௌக்கியம்.

இங்கிலாந்தின் வடக்கே லீட்ஸில் உன் பக்கத்து வீட்டு வாக்கர் பெரியவர் தன் பெயருக்கு 'நடப்பவர்' என்று அர்த்தமா, வம்சாவளியை எப்படித் தேடுவது என்று கேட்டதாக எழுதியிருந்தாய். அவர் முன்னோர் ஊர் ஊராகத் திரிந்தவர்கள் இல்லை. நடந்தார்கள்தான், ஆனால் ஒரு தொட்டிக்குள்ளேயே, ஊறிய கம்பளித் துணியின்மேல்.

தறியிலிருந்து இறங்கும் கம்பளித் துணி சல்லடை மாதிரி இருக்கும். ஆட்டு ரோமத்தின் கொழுப்பும் நூற்பதற்காகத் தடவிய எண்ணெயும் அதில் ஒட்டியிருக்கும். அதை எடுக்கத்தான் நாள்பட்ட மூத்திரம். புதியது உதவாது, வைத்திருந்து பழசானால்தான் அம்மோனியா உண்டாகி, கொழுப்போடு சேர்ந்து சோப்பு மாதிரி வேலை செய்யும். யார்க்‌ஷயரில் இதற்கு 'லான்ட்' என்று தனிப் பெயரே உண்டு, வீடு வீடாகச் சேகரித்தார்கள். கூடவே எண்ணெயை உறிஞ்ச ஒரு வகைக் களிமண். நம் பெண்கள் முகத்தில் பூசும் முல்தானி மிட்டி அந்த வகைதான். சர்ரேயிலும் பெட்ஃபர்ட்‌ஷயரிலும் அதைத் தோண்டி எடுத்தார்கள். துணித் தொழிலுக்கு அவ்வளவு முக்கியம் என்பதால் 17ஆம் நூற்றாண்டில் ஏற்றுமதிக்கே தடை போட்டார்கள்.

அடுத்தது மிதி. கம்பளி இழையின்மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. ஈரமும் சூடும் மிதியும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். துணி சுருங்கித் தடித்து, காற்றும் மழையும் எளிதில் புகாததாகிவிடும். பருத்திக்கு இந்தக் குணம் கிடையாது. மிதி ஒரே சீராக விழாவிட்டால் ஓரிடம் கெட்டியாகவும் ஓரிடம் மெலிந்தும் போகும். அதிகம் மிதித்தால் துணி விறைத்து, அரசாங்கம் விதித்த நீள அகலத்துக்குக் குறைந்துவிடும். பிறகு மரச்சட்டத்தில் கொக்கி மாட்டி இழுத்துக் காயப்போடுவார்கள். திருட்டு நடக்கும் இடம் இதுதான். அளவு வருவதற்காக வலிந்து இழுத்துவிட்டால், வாங்கியவன் ஒரு மழையில் நனைந்ததும் கோட்டு சுருங்கிவிடும். இதைத் தடுக்கவே அரசாங்கம் தனிச் சட்டங்கள் போட்டது. நம்மூர் வண்ணார் தொழில் என்று நினைத்துவிடாதே. உடுத்திய துணிக்கு இதில் வேலையே இல்லை, புதுத் துணியைப் பக்குவப்படுத்துவது மட்டும்தான்.

12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீர்ச்சக்கரம் வந்து, காலுக்குப் பதில் மரச் சம்மட்டிகள் இடிக்க ஆரம்பித்தன. டெம்ப்ளர் வீரத் துறவிகள் 1185இல் எடுத்த சொத்துக் கணக்கிலேயே இப்படிப்பட்ட ஆலைகள் வருகின்றன. மிதிப்பது நின்றது, பெயர் நிற்கவில்லை.

இதே தொழிலாளியை வடக்கிலும் நடு இங்கிலாந்திலும் வாக்கர் என்றார்கள். தென்கிழக்கிலும் கிழக்கிலும், கென்ட், சசெக்ஸ், சஃபோக் பக்கம், ஃபுல்லர். தென்மேற்கில், டெவன், சாமர்செட் பக்கம், டக்கர். எக்ஸிட்டர் நகரில் 'டக்கர்ஸ் ஹால்' என்ற பழைய கைவினைஞர் சங்க மண்டபம் இன்றும் நிற்கிறது. 1881 மக்கள்தொகைக் கணக்கை வைத்துப் போட்ட குடும்பப் பெயர் வரைபடங்களைப் பார்த்தால், ஐந்நூறு வருஷம் கழித்தும் இந்த மூன்று பெயர்களும் பெரும்பாலும் அதே மண்ணில்தான் அடர்ந்து கிடக்கின்றன. வாக்கர் என்ற பெயரைப் பற்றி எனக்குப் பிடித்த விஷயம் அர்த்தமில்லை, இந்தப் புவியியல்தான். துணித் தொழிலிலிருந்து வந்த மற்றப் பெயர்களும் நிறைய: வெப்ஸ்டர் நெசவாளி, லிஸ்டர் சாயக்காரர். துணியின் மேல்மயிரைக் கத்தரித்துச் சமப்படுத்துபவர் ஷெர்மன். எஸ்ஸெக்ஸில் டெட்ஹம் என்ற துணி ஊரிலிருந்து அமெரிக்கா போன குடும்பத்தில் வந்தவர்தான் அமெரிக்க உள்நாட்டுப் போரின் ஜெனரல் ஷெர்மன். அவர் பெயரைத்தான் இரண்டாம் உலகப்போர் டாங்கிக்கு வைத்தார்கள். கத்தரிக்கோல் எங்கே போய் நின்றது பார்!

ஆனால் எல்லா வாக்கரும் துணிக்காரர் இல்லை. நியூகாசில் பக்கம் டைன் ஆற்றங்கரையில் வாக்கர் என்று ஓர் ஊர் இருக்கிறது. ரோமானியர் கட்டிய மதிலை ஒட்டிய சதுப்பு நிலம் என்பதால் வந்த பெயர். அந்த ஊர்க்காரர் சிலருக்கு ஊர்ப்பெயரே குடும்பப் பெயராகியிருக்கும்.

இனி தேடும் வழி. கீழிருந்து மேலே போகச் சொல். 1400இல் ஒரு வாக்கரைக் கண்டுபிடித்து அங்கிருந்து இறங்கி வர நினைத்தால் கதை கந்தல். பெற்றோர், பாட்டன் பாட்டி சான்றிதழ்களில் தொடங்கி, 1837 ஜூலை 1 முதல் இருக்கும் அரசுப் பதிவுகளுக்குப் போகலாம். இதில் திருமணச் சான்றிதழ்தான் தங்கம்: இரு பக்கத்துத் தகப்பனார் பெயரும் தொழிலும் அதில் இருக்கும். பிறப்புப் பதிவில் 1875க்கு முன் விடுபட்ட குழந்தைகள் உண்டு, கிடைக்கவில்லை என்றால் பிறக்கவில்லை என்று அர்த்தமில்லை. மக்கள்தொகைக் கணக்கில் 1841ஐ நம்பி வயதைக் கணக்குப் போடாதே. 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொன்னார்கள். 34 வயதுக்காரர் 30 ஆகிவிடுவார். பிறந்த ஊர் 1851 முதல்தான் தெரியும். 1931 கணக்கு 1942இல் தீக்கிரையானது, 1941இல் எடுக்கவே இல்லை. அந்த இடைவெளிக்கு 1939 போர்க்காலப் பதிவேடுதான் கை கொடுக்கும்.

1837க்கு முன் தேவாலயப் பதிவேடுகள், 1538 முதல். எல்லா ஊரிலும் அவ்வளவு பழசு மிஞ்சவில்லை. இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரிலும் அதை அடுத்து மன்னர் இல்லாத காலத்திலும், 1642 முதல் 1660 வரை, பல இடங்களில் ஓட்டை. ஞானஸ்நானப் பதிவில் தகப்பன் தொழில் ஒழுங்காக வருவது 1813 முதல். தேதியில் ஒரு கண்ணி உண்டு. 1752க்கு முன் வருஷம் மார்ச் 25இல்தான் மாறும். 1730 பிப்ரவரி என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் 1731. இது தெரியாமல், கல்யாணத்துக்கு முன்பே பிள்ளை பிறந்ததாகப் பலர் எழுதிவிடுகிறார்கள்.

தேடுபொறியிலும் ஒரு தொல்லை. ஒலிக்கு ஒரு குறியீடு தரும் சவுண்டெக்ஸ் முறையில் வாக்கருக்கு டபிள்யூ426. காதில் விழாத அந்த 'எல்' எழுத்தை எழுத்தர் விட்டுவிட்டால் குறியீடு டபிள்யூ260 ஆகிவிடும், தேடலில் அகப்படாது. இரண்டையும் போட்டுப் பார்க்க வேண்டும். இன்னும் பழைய லத்தீன் ஆவணங்களில் மூன்று பெயருக்கும் 'ஃபுல்லோ' என்ற ஒரே சொல்தான் வரும். யார்க்‌ஷயரில் ஒரு 'ஃபுல்லோ'வைப் பார்த்தால் ஊரார் அவரை வாக்கர் என்றே கூப்பிட்டிருக்கலாம். ஆள் வாரியாக வசூலித்த 1379 தலைவரிப் பட்டியல் யார்க்‌ஷயரின் மேற்குப் பகுதிக்கு நன்றாகக் கிடைக்கிறது, கூடுதல் வரி கட்டிய கைவினைஞருக்குத் தொழிலையும் குறித்திருக்கிறார்கள். பெயர் வாக்கர், தொழில் தையல் என்றிருந்தால் பெயர் ஏற்கெனவே பரம்பரையாகிவிட்டது என்று கொள்ளலாம். தெற்கில் இது 1350 வாக்கில் பெரும்பாலும் நிலைத்துவிட்டது, வடக்கில் இன்னும் நூறு வருஷம் இழுத்தது.

பெரியவரிடம் இதைத் தயவாகச் சொல்: இன்னொரு வாக்கர் உறவாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. துணி நெய்த ஒவ்வோர் ஊரிலும் தனித்தனியாக முளைத்த பெயர் இது. இங்கிலாந்தில் அதிகம் வழங்கும் முதல் இருபது பெயர்களில் ஒன்று. அட்டன்பரோ போன்ற அரிய பெயர்க்காரர்களுக்கு மரபணுச் சோதனையில் பெரும்பாலும் ஒரே மூதாதை தெரிகிறார், ஸ்மித் போன்ற பெயரில் அது எடுபடுவதில்லை. அவர் வாங்க நினைக்கும் 'வாக்கர் குடும்பச் சின்னம்' பொறித்த தட்டு வேண்டாம். அந்தச் சின்னம் ஒரு ஆளுக்கும் அவர் நேர் வாரிசுக்கும் வழங்கப்படுவது, பெயருக்குச் சொந்தமில்லை. அதே காசுக்கு இரண்டு மூன்று சான்றிதழ் நகல் வாங்கலாம்.

முதலில் பாட்டன் பாட்டி திருமணச் சான்றிதழ் வீட்டில் இருக்கிறதா என்று கேள். இருந்தால் படம் எடுத்து அனுப்பு, அவர்களின் தகப்பனார் தொழில் என்ன போட்டிருக்கிறது என்று பார்க்கலாம். குழந்தைக்கு என் ஆசி.

அன்புடன்,
சுந்தரம்