தொற்றுநோய்க் காலத்தில் மாணவர்களின் தாய்மார்கள் உடல்நலச் சந்தேகங்களைக் கேட்டறிய நிலையான ஏற்பாடு கோரும் மனு

அனுப்புநர்:
பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள தாய்மார்கள்,
அரசு மேல்நிலைப் பள்ளி.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கொரோனா பெருந்தொற்றின்போது அறிவிப்புகளுக்குக் குறைவே இல்லை. யாரைத் தொலைபேசியில் அழைத்தாலும் முதலில் இருமல் சத்தமும் எச்சரிக்கையும்தான் கேட்டன. ஆயினும் எங்களுக்கு எழுந்த கேள்விகளைக் கேட்க இடம் இல்லாமல் போனதையும், அடுத்த தொற்று வருமுன் அதற்கு வழிசெய்ய வேண்டும் என்பதையும் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவர இம்மனுவை அளிக்கிறோம்.

2021 செப்டம்பர் 1 அன்று 9 முதல் 12 வரையிலான வகுப்புகளும், நவம்பர் 1 அன்று 1 முதல் 8 வரையிலான வகுப்புகளும் திறக்கப்பட்டபோது, மூச்சிரைப்பு உள்ள பிள்ளை நாள் முழுவதும் முகக்கவசம் அணியலாமா, வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் பிள்ளையை எத்தனை நாள் நிறுத்திவைப்பது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தோம். 2022 ஜனவரி 3 முதல் 15 வயது நிறைந்தவர்களுக்குத் தடுப்பூசி தொடங்கியதும், மாதவிடாய் நாள்களில் மகளுக்கு ஊசி போடலாமா என்ற கேள்வி வந்தது. போடக்கூடாது என்ற வதந்தியை முந்தைய ஆண்டு ஏப்ரலிலேயே மத்திய அரசு மறுத்துவிட்டது. வதந்தி வந்து சேர்ந்த வீடுகளுக்கெல்லாம் மறுப்பு வந்து சேரவில்லை. ஆண்களும் இருக்கும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இதை எந்தத் தாயும் கேட்கமாட்டார்.

ஆகவே மெடிக்கல் கடைக்காரரிடமும், வகுப்பாசிரியரிடமும், கிராம சுகாதார செவிலியரிடமும் கேட்டோம். பல வீடுகளில் இருந்த ஒரே கைப்பேசி பகலில் கணவருடன் வேலைக்குப் போய்விடும்; மாலையில் பிள்ளையின் பாடத்திற்குத் தேவைப்படும்; தாயின் கைக்கு வரும்போது இரவு ஆகிவிடும். அந்நேரத்தில் வந்து குவிந்திருக்கும் குரல் பதிவுகளில் எது மருத்துவர் சொன்னது, எது யாரோ சொன்னது என்று பிரிப்பது எளிதன்று. 104 என்ற மருத்துவ ஆலோசனை உதவி எண்ணை அறிந்தவர்கள்கூட, 108 போல அதுவும் உயிர் ஆபத்துக்கு மட்டுமே என்று எண்ணியிருந்தனர். இதையெல்லாம் அறியாமை என்று சிலர் கூறக் கேட்டிருக்கிறோம். அதை நாங்கள் ஏற்கவில்லை. சொன்னது புரியாவிட்டால் திரும்பவும் கேட்கலாம் என்பதாலேயே செவிலியரையும் ஆசிரியரையும் நாடினோம்.

குழந்தைகளுக்கான கொரோனா சிகிச்சை வழிகாட்டுதலை மத்திய சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்ககம் 2021 ஜூனில் வெளியிட்டது. 5 வயதுக்கும் அதற்குக் கீழும் முகக்கவசம் பரிந்துரைக்கப்படவில்லை என்பதும், 6 முதல் 11 வயதுவரை பெற்றோர் மேற்பார்வையில் அணியலாம் என்பதும், லேசான தொற்றுக்கு ஸ்டீராய்டு தீங்கு என்பதும் அதில் இருந்தன. மருத்துவர்களுக்கான ஆங்கிலத்தில் இருந்த அந்தச் செய்தி, நான்கு வரித் தமிழாகப் பள்ளி அறிவிப்புப் பலகைக்கு வந்திருந்தாலே எங்களுக்குப் போதுமானதாக இருந்திருக்கும்.

கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 21ஆம் பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள் என்பதால் புதிதாக ஓர் அமைப்பை உருவாக்கத் தேவையில்லை. தொற்றுக் காலத்தில் இக்குழுவின் கூட்டத்திற்கு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரோ கிராம சுகாதார செவிலியரோ வந்து கேள்விகளுக்குப் பதில் அளிக்கவும், மருத்துவர் தம் பெயரும் தேதியும் சொல்லிப் பதிவுசெய்த சிறு குரல் செய்தி வகுப்பாசிரியர் வழியே மாலை ஏழு மணிக்குமேல் அனுப்பப்படவும், பெண் பிள்ளைகளைப் பற்றிய கேள்விகளைப் பெண் செவிலியரிடம் தனியே கேட்க ஒரு நேரம் ஒதுக்கவும் ஆணையிட வேண்டுகிறோம். மருத்துவக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் சுமை ஆசிரியர்கள்மேல் விழக்கூடாது. ஏற்கெனவே அவர்கள் சுமப்பது அதிகம்.

பெருந்தொற்று வரும்வரை இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே, டெங்கு காய்ச்சலைப் பற்றி இத்தகைய முதல் கூட்டத்தை எங்கள் பள்ளியில் நடத்த உத்தரவிடுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழுத் தாய்மார்கள்