ஞாயிறு கண்காட்சி: அடுத்த முறைக்குச் சில மாற்றங்கள்

எல்லோருக்கும் வணக்கம். தகடுகளைத் தொட்டால் ஒலி எழுப்பும் நம் ஒலிச்சுவருக்குக் கூட்டம் நன்றாகவே வந்தது. ஆனால் பெரியவர்கள் பலர் கையைக் கட்டிக்கொண்டு தள்ளியே நின்றார்கள். ஒரு பாட்டி முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு, "தொடலாமாப்பா?" என்று கேட்டார். தொட்டதும் மணி ஒலித்தது, அவர் சிரித்துவிட்டார். அதைப் பார்த்துத்தான் மற்றவர்களும் கிட்டே வந்தார்கள். 'தொடுங்கள்' பலகையை யாரும் படிக்கவில்லை. இனி நம்மில் ஒருவர் சுவருக்குப் பக்கத்திலேயே நின்று தொட்டுக் காட்ட வேண்டும்.

குழந்தைகள் தட்டவில்லை, குத்தினார்கள். மதியத்துக்குள் மூன்று செப்புத் தகடுகளில் கம்பியைப் பற்றவைத்த சால்டர் (உலோகப் பற்று) விட்டுப்போனது. அவர்கள்மேல் தவறே இல்லை. 1971-இல் லண்டன் டேட் கலைக்கூடத்தில் அமெரிக்கச் சிற்பி ராபர்ட் மாரிஸ், மக்கள் ஏறி விளையாடும் படைப்புகளை வைத்தார். வந்தவர்களின் உற்சாகத்தில் சிலருக்குக் காயம்பட, சில நாட்களிலேயே மூட வேண்டியதாயிற்று. 2009-இல் பாதுகாப்பாகச் செய்து மறுபடி வைத்தார்கள். நாமும் கம்பிகளை ஸ்க்ரூ போட்டு இறுக்கிவிடலாம்.

அப்புறம், இப்படி ஏதாவது விட்டுப்போனால் சரிசெய்ய, சுவரின் பின்பக்கம் திறக்கிற மாதிரி ஒரு கதவு கட்டாயம் வேண்டும். சனிக்கிழமை மாலை 5 மணிக்கு வேலைக்கு வர முடிந்தவர்கள் இங்கேயே சொல்லுங்கள்.